கூட்டிப் பார்க்கப்படாத அளவு: உள்ளிழுக்கும் ஸ்டீராய்டும் ஒன்பது வயதுச் சிறுவனின் அட்ரீனல் சுரப்பியும் – ஒரு நிகழ்வு ஆய்வு

ஜனவரி மாதக் கடைசி வாரத்தில், தில்லியின் பனிமூட்டம் விலகாத ஒரு காலையில், ஒன்பது வயது நான்கு மாதம் ஆன சிறுவன் ஒருவனை அவனுடைய தந்தை தோளில் சுமந்தபடி எங்கள் அவசரப் பிரிவுக்குள் ஓடி வந்தார். முந்தைய நாள் பையனுக்குக் காய்ச்சல் இருந்தது. மாலையில் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு, இரவு எதுவும் சாப்பிடாமல் படுத்திருக்கிறான். விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தாய் தொட்டு எழுப்பியபோது அவன் கண்ணைத் திறக்கவில்லை. சற்று நேரத்தில் கையும் காலும் வெட்டி இழுத்திருக்கின்றன. ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் வசிக்கும் தமிழ்க் குடும்பம் அது. அவர்களுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

விரல் நுனியில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 38 மில்லிகிராம்தான் இருந்தது. இரத்த அழுத்தம் 78/46. பத்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரைநீரை ஏற்றியதும் வலிப்பு நின்றது. ஆனால் உப்புநீரை இருமுறை வேகமாக ஏற்றிய பிறகும் அழுத்தம் 82-க்கு மேல் ஏறவில்லை. காய்ச்சல் வலிப்பு என்று சொல்ல இடமில்லை. அது ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளுக்கு வருவது. இரத்தத்தில் கிருமி பரவியிருக்கலாம் என்ற எண்ணத்தில் நுண்ணுயிர்க்கொல்லியும் தொடங்கப்பட்டது. அந்த நேரத்தில் அப்படி நினைத்ததில் தவறில்லை.

வேறு நோய் ஏதும் உண்டா என்று கேட்டபோது பெற்றோர் சொன்ன பதிலை அப்படியே குறித்து வைத்திருக்கிறோம்: "சின்ன வயசுலேர்ந்து வீசிங் உண்டு டாக்டர். இப்போ மருந்து எதுவும் இல்லை." இந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நாங்கள் எந்தத் திசையில் போயிருக்க வேண்டுமோ அந்தத் திசையை இந்த இரண்டாவது வாக்கியம் முழுவதுமாக மறைத்துவிட்டது.

வாய்க்குள் தெரிந்தது

வலிப்பின்போது நாக்கைக் கடித்துக்கொண்டானா என்று பார்ப்பதற்காக இரவுப் பணியில் இருந்த பயிற்சி மருத்துவர் டார்ச் அடித்து வாயைத் திறந்து பார்த்தார். நாக்கில் காயம் இல்லை. ஆனால் மேலண்ணத்தில் தயிர்த் திப்பி ஒட்டியதுபோல் நான்கைந்து வெண்திட்டுகள் இருந்தன. மரக்கரண்டியால் சுரண்டியபோது எளிதில் வரவில்லை. வந்த இடத்தில் அடித்தோல் சிவந்து இரத்தம் கசிந்தது. பால் குடிக்கும் கைக்குழந்தையின் வாயில் இருந்திருந்தால் இதை யாரும் இரண்டாவது முறை பார்த்திருக்க மாட்டார்கள். ஒன்பது வயதுப் பிள்ளையின் வாயில் பூஞ்சை வளர்ந்தால் அதற்குக் காரணம் இருந்தாக வேண்டும். இளைப்புக்காக வாய்வழியே உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு பம்ப் அப்படிப்பட்ட ஒரு காரணம். அந்த இளம் மருத்துவர் தாயிடம் திரும்பி, "பம்ப் எப்போ நிறுத்தினீங்க?" என்று கேட்டார். "எடுக்கிறானா?" என்று கேட்காமல் "எப்போ நிறுத்தினீங்க?" என்று கேட்டதுதான் அந்தப் பையனைக் காப்பாற்றியது என்று இன்றும் நம்புகிறேன்.

நிறுத்திப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு செய்ததை விரைவாகச் சொல்லிவிடலாம். சர்க்கரை குறைந்திருந்த நேரத்தில் எடுத்து வைத்திருந்த இரத்தத்திலிருந்து அட்ரீனல் சுரக்கும் இயற்கை ஸ்டீராய்டான கார்ட்டிசாலின் பரிசோதனைக்கு ஒரு குழாய் அனுப்பினோம்; முடிவுக்காகக் காத்திராமல் அதன் மருந்து வடிவமான ஹைட்ரோகார்ட்டிசோன் 50 மில்லிகிராமை நரம்பு வழியாகச் செலுத்தினோம். ஒன்றரை மணி நேரத்தில் அழுத்தம் 98-ஐத் தொட்டது. பதினோரு மணி வாக்கில் பையன் தண்ணீர் கேட்டான். மாலையில் வந்த முடிவில் கார்ட்டிசால் 0.9 மைக்ரோகிராம். சர்க்கரை அந்த அளவுக்கு இறங்கும்போது நல்ல நிலையில் இருக்கும் அட்ரீனல் சுரப்பி 18-க்கு மேல் சுரந்து உடலைத் தூக்கி நிறுத்தும். இவனுடைய சுரப்பி அசையவே இல்லை.

இரத்த உப்புகளைப் பற்றி ஒரு குறிப்பு அவசியம். சோடியம் 131 என்று சற்றுக் குறைந்திருந்தது, பொட்டாசியம் 4.1, அதாவது இயல்பு. அட்ரீனல் சுரப்பியே கெட்டுப்போகும் அடிசன் நோயில் பொட்டாசியம் ஏறும், தோலும் ஈறும் கறுக்கும். இங்கே கெட்டிருந்தது சுரப்பி அல்ல. அதற்கு ஆணையிடும் ஏ.சி.டி.எச். என்ற பிட்யூட்டரி இயக்குநீர் பல மாதங்களாக வராமல் நின்றுபோயிருந்தது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு தாராளமாக வந்துகொண்டிருந்ததால், உடல் தன் சொந்த உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. உப்பைக் கட்டுப்படுத்தும் ஆல்டோஸ்டிரோன் சிறுநீரகத்தின் ஆணைக்குக் கட்டுப்பட்டது என்பதால் அது தப்பியது. ஆகவே பொட்டாசியம் இயல்பாக இருக்கிறது என்பதை வைத்து அட்ரீனல் நெருக்கடி இல்லை என்று தள்ளிவிடக் கூடாது. நாங்களும் முதல் ஒரு மணி நேரம் அந்தத் தவற்றின் விளிம்பில்தான் நின்றோம்.

மஞ்சப்பையில் இருந்தவை

மறுநாள் தாய் வீட்டிலிருந்து ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து கட்டிலின் மீது கொட்டினார். அதில் இருந்தவற்றையும் மூன்று ஆண்டு மருந்துச்சீட்டுகளையும் தேதிவாரியாக அடுக்கியபோதுதான் கதை தெளிவானது.

பையனுக்கு ஐந்து வயதில் இளைப்பு தொடங்கியிருக்கிறது. முதலில் நீல நிற சல்பியூட்டமால் பம்ப். ஏழு வயதில் ஃபுளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டும் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்மெட்டராலும் கலந்த பம்ப். ஒரு முறை அழுத்தினால் 125 மைக்ரோகிராம் ஃபுளூட்டிகசோன் வரும். காலை இரண்டு, இரவு இரண்டு. ஒரு நாளைக்கு 500. ஆறு முதல் பதினொரு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 200-ஐத் தாண்டினாலே அது உயர் அளவு என்று உலகெங்கும் ஆஸ்துமா மருத்துவர்கள் பின்பற்றும் ஜினா வழிகாட்டுதல் சொல்கிறது. அதாவது தொடக்கமே மேல்படியில். அடுத்த ஆண்டு நவம்பரில் தில்லியின் காற்று வழக்கம்போல் கெட்டது. வயல்களில் வைக்கோல் தாள் எரிக்கும் புகை, தீபாவளிப் புகை, வாகனப் புகை எல்லாம் அசையாத குளிர்காற்றின் அடியில் சிக்கிக்கொள்ளும் அந்த வாரங்களில் எங்கள் புறநோயாளிப் பிரிவில் நிற்க இடம் இருக்காது. அப்போது பையனைப் பார்த்த வேறொரு மருத்துவர் 250 மைக்ரோகிராம் பம்புக்கு மாற்றி எழுதினார். எத்தனை முறை அழுத்த வேண்டும் என்பது அந்தச் சீட்டில் எழுதப்படவில்லை. வீட்டார் பழகியபடி காலை இரண்டு, இரவு இரண்டு என்றே தொடர்ந்தார்கள். ஒரு நாளைக்கு 1000 மைக்ரோகிராம். பதினான்கு மாதம்.

அந்தப் பம்புடன் அதே மாதத்தில் இன்னொரு மாற்றமும் சேர்ந்தது. அதுவரை பம்பை நேராக வாயில் வைத்து அழுத்திவந்தவனுக்கு, பம்புக்கும் வாய்க்கும் இடையே பொருத்தும் ஸ்பேசர் என்ற குழலை வாங்கிக் கொடுத்தார்கள். ஸ்பேசர் நல்லது, குழந்தைக்கு அது இல்லாமல் பம்ப் கொடுக்கவே கூடாது. நேராக அழுத்தினால் மருந்தின் பெரும்பகுதி தொண்டையில் படிந்து விழுங்கப்படும். விழுங்கிய ஃபுளூட்டிகசோனைக் கல்லீரல் ஏறத்தாழ முழுவதுமாக அழித்துவிடுவதால், நூற்றில் ஒரு பங்குகூட இரத்தத்தில் சேராது. நுரையீரலில் இறங்கும் மருந்துக்கோ அந்தக் காவல் கிடையாது. அது கல்லீரலைக் கடக்காமல் நேரே இரத்தத்தில் கலக்கும். ஸ்பேசர் வந்ததும் நுரையீரலுக்குப் போகும் பங்கு கூடியது. இளைப்பு அடங்கியதற்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கும். அளவைக் குறைக்கக் கிடைத்த நல்ல வாய்ப்பும் அதுதான். அந்த வேளையில்தான் அளவு இரட்டிப்பாகியிருந்தது.

பையில் இன்னும் இருந்தன. மூக்கடைப்புக்கும் அடுக்குத் தும்மலுக்கும் தினமும் ஃபுளூட்டிகசோன் மூக்குத் தெளிப்பான். முழங்கை மடிப்புக் கரப்பானுக்கு, மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கிய குளோபெட்டசால் களிம்பு. வாங்கிய ஏழாவது குழாய் அது என்றார் தந்தை. தோல் ஸ்டீராய்டுகளில் மிக வீரியமான வகையைச் சேர்ந்தது அது. இவை போக, கடந்த பன்னிரண்டு மாதங்களில் ஐந்து முறை, வாய்வழி ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன், ஒவ்வொரு முறையும் மூன்று முதல் ஐந்து நாட்கள். மூக்குத் தெளிப்பான் தனியாக இருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. இங்கே அது தனியாக இல்லை. நான்கு வழிகளில் ஒரே இன மருந்து ஒரே உடலுக்குள் போயிருக்கிறது. கொடுத்த கைகளும் நான்கு. எந்தச் சீட்டிலும் மற்ற மூன்றைப் பற்றி ஒரு வரி இல்லை. படர்தாமரைக்கு இட்ராகோனசோல் மாத்திரை எடுத்தானா என்றும் கேட்டோம். ஃபுளூட்டிகசோனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை அது முடக்கிவிடும் என்பதால் இக்கேள்வியைக் கேட்காமல் விடக் கூடாது. அதை மட்டும் அவன் எடுத்திருக்கவில்லை.

ரிப்போர்ட் கார்டு

பையன் குண்டாக இருந்தான்: எடை 31 கிலோ, உயரம் 121 சென்டிமீட்டர். முகம் வட்டமாக, வயிறு முன்தள்ளி, கைகால்கள் மட்டும் மெலிந்திருந்தன. மூன்று ஆண்டில் அவனைப் பார்த்த எந்த மருத்துவமனைச் சீட்டிலும் உயரம் குறிக்கப்படவில்லை. எடை எல்லாவற்றிலும் இருந்தது, மருந்தின் அளவைக் கணக்கிட அது வேண்டும் என்பதால். உயரம் எங்களுக்குக் கிடைத்தது பள்ளி ரிப்போர்ட் கார்டுகளில்தான். மதிப்பெண்களுக்குக் கீழே, யாரும் படிக்காத ஒரு மூலையில், ஒவ்வொரு ஆண்டும் ஆசிரியை பேனாவால் எழுதியிருந்தார்: முதல் வகுப்பில் 112 சென்டிமீட்டர், 19 கிலோ, இரண்டாம் வகுப்பில் 117, 21.5, மூன்றாம் வகுப்பில் 119, 26, நான்காம் வகுப்பில் 121, 31.

இந்த நான்கு வரிகளில் நோய் முழுவதும் இருந்தது. இந்த வயதில் குழந்தை ஆண்டுக்கு ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் வளர வேண்டும். சாப்பாட்டால் குண்டாகும் குழந்தை பெரும்பாலும் தன் வயதினரைவிட உயரமாகவே இருக்கும். எடை ஏறிக்கொண்டே போக உயரம் மட்டும் நின்றால், அங்கே ஸ்டீராய்டு மிகுதியைத் தேடியாக வேண்டும். எழுபது ரூபாய் அளவுநாடாவும் ஒரு சுவரும் இருந்தால் ஓராண்டுக்கு முன்பே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். குழந்தை மருத்துவர்களாகிய எங்கள்மேல் எனக்கு வரும் கோபத்தை இந்த இடத்தில் மறைக்க விரும்பவில்லை.

குரலும் மாறியிருந்தது. மலை மந்திர் முருகன் கோயில் பக்கத்தில் திருப்புகழ் வகுப்புக்குப் போய்வந்தவன், ஆறு மாதமாகக் குரல் கட்டிக்கொண்டே இருந்ததால் நின்றுவிட்டான். வாய்ப்பூஞ்சையும் குரல்கட்டும் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டின் மிகச் சாதாரணமான பக்கவிளைவுகள். பம்ப் எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் பூஞ்சை பெருமளவு தடைபடும். கொப்பளிக்கச் சொல்லி யாரும் சொன்னதாக அவனுக்கு நினைவில்லை. கண் மருத்துவர் பார்த்ததில் கண்புரை இல்லை.

ஏன் நிறுத்தினார்

பொங்கலுக்கு வந்திருந்த உறவினர் ஒருவர் பம்ப் உறையைப் படித்துவிட்டு, "இது ஸ்டீராய்டு, இதனாலதான் பையன் வளரலை" என்று சொல்லியிருக்கிறார். தாய்க்கு முன்பே அந்தச் சந்தேகம் இருந்தது. சென்ற ஆண்டுப் பள்ளிக் கால்சட்டையை இந்த ஆண்டும் நீளம் பிரிக்காமல் போட முடிந்தது, இடுப்பு மட்டும் பற்றவில்லை என்பதை அவர்தான் கவனித்திருந்தார். "மூச்சு நல்லாத்தானே இருக்கு, இந்த விஷம் எதுக்குன்னு அன்னிக்கு ராத்திரியே எல்லாத்தையும் எடுத்து மேல வெச்சிட்டேன் டாக்டர்" என்றார். களிம்பையும் மூக்குத் தெளிப்பானையும் சேர்த்தே நிறுத்தியிருக்கிறார். அடுத்த நாட்களில் பையன் சோர்ந்து கிடந்ததையும், காலையில் சாப்பிட மறுத்ததையும், தலைவலி என்று சொன்னதையும் குளிர்காலச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஒரு சாதாரணக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் வந்தால் உடல் வழக்கத்தைவிடப் பல மடங்கு கார்ட்டிசால் சுரக்க வேண்டும். சுரக்க எதுவும் இல்லை.

அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பையனின் உயரத்தைக் கவனித்த ஒரே ஆள் அவர். அவர் கண்டது சரி, செய்தது ஆபத்து, இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மருத்துவர் இருந்திருக்க வேண்டும்.

இந்த நிகழ்வைப் படிக்கும் பெற்றோர் வீட்டில் உள்ள பம்பை எடுத்து மேலே வைத்துவிடக் கூடாது என்பதால் சில எண்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1041 குழந்தைகளைக் கொண்டு நடந்த கேம்ப் ஆய்வில், ஒரு பிரிவினர் புடசோனைடு என்ற உள்ளிழுக்கும் ஸ்டீராய்டைத் தினமும் 400 மைக்ரோகிராம் என நான்கு முதல் ஆறு ஆண்டுகள் எடுத்தார்கள். வளர்ந்து பெரியவர்களானபின் அவர்களுடைய சராசரி உயரம் போலி மருந்து எடுத்த பிரிவினரைவிட 1.2 சென்டிமீட்டர் குறைவு என்று 2012-இல் வெளியானது. அந்த இழப்பின் பெரும்பகுதி முதல் இரண்டு ஆண்டுகளில் நேர்வது. ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போவதில்லை. முறையான அளவில் கொடுத்தால் உயரத்துக்கு ஆகும் செலவு இவ்வளவுதான், கட்டுப்படாத ஆஸ்துமாவே வளர்ச்சியைப் பின்தள்ளும் என்பதையும் இதோடு சேர்த்து எண்ண வேண்டும். கனடாவின் சஸ்காட்சுவான் மாநிலத் தரவுகளைக் கொண்டு 2000-இல் வெளியான ஆய்வு, முந்தைய ஓராண்டில் கூடுதலாகப் பயன்படுத்திய ஒவ்வொரு ஸ்டீராய்டு பம்புக்கும் ஆஸ்துமா மரண வீதம் 21 சதவீதம் குறைந்ததையும், பம்பை நிறுத்திய முதல் மூன்று மாதங்களில் மரணம் கூடியதையும் காட்டியது. இந்த மருந்து உயிர் காக்கும் மருந்து.

மறுபக்கத்தில், பிரிட்டனில் நடந்து 2002-இல் வெளியான கணக்கெடுப்பு ஒன்று, உள்ளிழுக்கும் ஸ்டீராய்டால் அட்ரீனல் நெருக்கடிக்கு ஆளான 33 பேரைத் திரட்டியது. அவர்களில் 28 பேர் குழந்தைகள். அவர்களில் 23 பேருக்குச் சர்க்கரை சரிந்திருந்தது. 33 பேரும் எடுத்த அளவு நாளொன்றுக்கு 500 முதல் 2000 மைக்ரோகிராம். 30 பேர் எடுத்தது ஃபுளூட்டிகசோன். எங்கள் பையன் அந்தப் பட்டியலில் எந்த வித்தியாசமும் இல்லாமல் பொருந்துகிறான். சிக்கல் மருந்தில் அல்ல, அளவில் என்று நான் சொல்வதற்கு இந்த இரண்டு பக்கங்களையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதுதான் ஆதாரம்.

குறைத்த விதம்

சுரப்பி விழிக்கும் வரை ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை, ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம், காலையில் பாதியும் மீதி இரண்டு வேளையாகவும். ஆஸ்துமாவுக்குப் புடசோனைடும் ஃபார்மோட்டராலும் கலந்த பம்ப், ஸ்பேசரோடு, காலை ஒன்று இரவு ஒன்று. நாளொன்றுக்கு 200 மைக்ரோகிராம். மூச்சுத் திணறினால் தனியாக நீலப் பம்ப் வேண்டாம், இதையே கூடுதலாக ஒன்று அழுத்தலாம் என்று சொன்னோம். பையனுடைய கட்டிலுக்கு அடியில் தினமும் கொசுவத்திச் சுருள் எரிந்துகொண்டிருந்தது. அது போய்க் கொசுவலை வந்தது. களிம்பு வீரியம் குறைந்ததாக மாறியது. ஐந்தில் ஒரு பங்கு அளவில் அவன் இளைப்பு கட்டுக்குள்ளேயே இருந்தது. முன்பு கொடுத்த 1000 அவனுக்கு ஒருபோதும் தேவைப்படவில்லை என்பது அப்போது உறுதியானது.

தாய்க்கு ஓர் அட்டை எழுதிக் கொடுத்தோம். பள்ளியிலும் வேறு மருத்துவமனையிலும் காட்ட வேண்டும் என்பதால் தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதினோம். இந்தக் குழந்தைக்கு அட்ரீனல் சுரப்பி வேலை செய்யவில்லை. காய்ச்சல் வந்தால் மாத்திரை மும்மடங்கு. வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் உடனே 50 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி. அதன் ஒரு படியைப் பள்ளிப் பையின் உள்ளறையில் தைத்துவைத்தார். செப்டம்பரில் 102 டிகிரி காய்ச்சல் வந்தபோது அட்டையில் உள்ளபடியே அவர் செய்தார். பையன் மருத்துவமனைக்கு வர வேண்டியிருக்கவில்லை.

ஜூன் மாதம், முந்தைய நாள் மாத்திரையை நிறுத்திவைத்து எடுத்த காலை எட்டு மணிக் கார்ட்டிசால் 4.6. மூன்றுக்குக் கீழ் இல்லை என்பதால் சுரப்பி அசையத் தொடங்கியது தெரிந்தது. நம்பி மாத்திரையை நிறுத்தும் அளவும் அல்ல. அக்டோபர் இறுதியில் 11.8, ஏ.சி.டி.எச். ஊசிக்குப் பின் 21.3. அன்று ஹைட்ரோகார்ட்டிசோனை நிறுத்தினோம். விழிக்க ஒன்பது மாதம் ஆகியிருந்தது. ஜனவரியில் உயரம் 128.5, ஓராண்டில் ஏழரை சென்டிமீட்டர்.

நடுவில் நவம்பர் வந்தது, காற்றும் கெட்டது, இருமல் கூடியது. பம்பைக் காலை இரண்டு இரவு இரண்டு என்று உயர்த்தி எழுதினேன். மருந்தின் பெயர், ஒரு அழுத்தத்தில் எத்தனை மைக்ரோகிராம், ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு, மூக்குத் தெளிப்பான் எவ்வளவு, களிம்பு எது என்று ஒரே தாளில் எழுதி, அடியில் "மார்ச் 1: குறைக்க வர வேண்டும்" என்று சிவப்பு மையில் எழுதினேன். தாய் அந்தத் தாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார். மார்ச் 1 அன்று காலை, எங்கள் புறநோயாளிப் பிரிவு திறப்பதற்கு முன்பே, பையனோடும் அந்த ஆண்டு ரிப்போர்ட் கார்டோடும் வந்து வாசலில் நின்றார்.